டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி.: இன்னொரு ட்யூஷன் ஏன் போதாது?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தைக் கணீரென்று வாசிக்கிறான். எங்கும் தடங்கல் இல்லை. அம்மா முகத்தில் நிம்மதி. பிறகு அதே பாடத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன தம்பி?" என்று கேட்கிறேன். அவன் உதடு மெல்ல அசைகிறது. முதல் வரியிலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்து, அந்தச் சொல்லை எட்டியதும் நிமிர்ந்து பதில் சொல்கிறான். அவன் வாசிக்கவே இல்லை. முழுப் பாடத்தையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான்.

சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கும் எவரும் இப்படி ஒரு பிள்ளையைச் சந்தித்திருப்பார்கள். ஒரு பாடத்தையே வரி பிசகாமல் நினைவில் வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து 'மண்டையில் ஒன்றும் ஏறவில்லை' என்கிறோம். மாலையில் ஒரு ட்யூஷன், அது போதாமல் காலையில் இன்னொன்று. அங்கேயும் அதே புத்தகம், அதே வேகம், அதே 'பத்துத் தடவை எழுதிட்டு வா'. இந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது அதிகக் கற்பித்தல் அல்ல, வேறு வகைக் கற்பித்தல். அந்த வேறு வகை எப்படி இருக்கும், ஏன் வேலை செய்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியா, கவனச் சிக்கலான ஏ.டி.எச்.டி. என்ற இரண்டு சொற்களும் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகின்றன. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி., எழுத்துப் பிழை விடும் பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்சியா. சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை. அதனால் அடியிலிருந்து தொடங்குவோம்.

## பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

குழந்தைக்குப் பேச யாரும் பாடம் நடத்துவதில்லை. சுற்றிலும் பேச்சு இருந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். வாசிப்பு அப்படியல்ல. மனித இனம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மூளையில் வாசிப்புக்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி எதுவும் கிடையாது. உருவங்களை அடையாளம் காணும் பகுதி, ஒலிகளைப் பிரித்தறியும் பகுதி, பொருளை விளங்கிக்கொள்ளும் பகுதி ஆகிய மூன்றையும் இணைத்து ஒவ்வொரு பிள்ளையும் புதிதாக ஒரு பாதை போட்டாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அந்தப் பாதை விழுந்துவிடுகிறது. சிலருக்கு விழுவதில்லை.

எங்கே சிக்கல்? சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற எல்லாருக்கும் அது சாம்பார் என்று தெரியும், ருசியும் தெரியும். ஆனால் ஒரு வாய் வைத்ததும் 'பெருங்காயம் தூக்கல், புளி கம்மி, மல்லி வறுத்தது போதலை' என்று பிரித்துச் சொல்லச் சிலரால்தான் முடியும்.

சொற்களும் அப்படித்தான். 'பட்டம்' என்று சொன்னதும் எல்லாப் பிள்ளைக்கும் வானத்தில் பறப்பது நினைவுக்கு வந்துவிடும். எழுத வேண்டும் என்றால் அந்த ஒலிக் கலவையைப் பிரிக்க வேண்டும்: ப, ட், ட, ம். வாசிக்க வேண்டும் என்றால் தனித்தனியாகப் பார்த்ததைக் காதுக்குள் மறுபடி சேர்க்க வேண்டும். இப்படிச் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் மாற்றவும் முடிகிற திறனுக்கு ஒலியுணர்வு என்று பெயர். டிஸ்லெக்சியா உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில்தான் தடுமாற்றம். அவர்கள் சொல்லை முழுசாகக் கேட்கிறார்கள், முழுசாகப் புரிந்துகொள்கிறார்கள். உள்ளே இருக்கும் துண்டுகள்தான் பிடிபடுவதில்லை.

ஆக, டிஸ்லெக்சியா என்பது போதிய அறிவும் கற்பித்தலும் இருந்தும், சொல்லைத் துல்லியமாகவோ சரளமாகவோ வாசிக்கவும் பிழையின்றி எழுதவும் இயலாமல் தொடர்ந்து நீடிக்கும் சிரமம். கணக்கிடும் முறைக்கேற்ப, நூறு பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு இருப்பதாகச் சொல்லப்படுகிறது. குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. சோம்பலுக்கும் வளர்ப்புக்கும் இதில் பங்கில்லை.

## 'எழுத்து தலைகீழாகத் தெரியும்' என்பது எங்கிருந்து வந்தது?

திரையில் எழுத்துகள் துள்ளி ஓடுவதாகக் காட்டிக் காட்டி, டிஸ்லெக்சியா என்றால் கண்ணுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிவது என்று நம் மனதில் பதிந்துவிட்டது. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1887இல் டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கிய ருடால்ஃப் பெர்லின் ஜெர்மனியைச் சேர்ந்த கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பையன் புத்திசாலி, ஆனால் வாசிப்பு வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அவர் பயன்படுத்திய பெயர் 'சொற்குருடு'. பெயரிலேயே பழி கண் மேல் விழுந்துவிட்டது.

1970களில் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் வெல்லுட்டினோ இதை அழகான ஒரு சோதனையால் தெளிவாக்கினார். ஹீப்ரு மொழி அறியாத பிள்ளைகளுக்கு ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார். வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளும் மற்றவர்களுக்குச் சமமாகவே எழுதினார்கள். கண்ணில் கோளாறு என்றால் ஹீப்ருவிலும் தடுமாறியிருக்க வேண்டுமே! உருவம் சரியாகத்தான் தெரிகிறது. உருவத்தை ஒலியோடு இணைக்கும் இடத்தில்தான் சிக்கல். எழுத்தைத் திருப்பிப் போடுவது ஆறு, ஏழு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான்.

## தமிழில் இது எப்படித் தெரியும்?

டிஸ்லெக்சியா பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான தகவல்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தமிழ் எழுத்தில் அது வேறு முகத்தோடு வரும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. 'ம' எங்கே வந்தாலும் 'ம' தான். இப்படி நேரான எழுத்து முறைகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை தப்பாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதுதான் அதிகம். எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கூட்டி வரிக் கடைசியை எட்டும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். "தமிழ் படிச்சிடுவான், இங்கிலீஷ்தான் வரலை" என்று பெற்றோர் சொல்வதற்கு இதுவே காரணம். இரண்டிலும் வேர் ஒன்றுதான். ஆங்கிலம் அதை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, தமிழ் மூடி வைக்கிறது.

தமிழுக்கே உரிய சில முடிச்சுகளும் உண்டு. 'தே' என்பதைப் பாருங்கள். காதில் முதலில் விழுவது 'த்', பிறகு 'ஏ'. கண்ணில் முதலில் படுவதோ இரட்டைக்கொம்பு, பிறகுதான் 'த'. 'கொ' இன்னும் சிக்கல். ஒற்றைக்கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால், நடுவில் 'க'. ஒரே உயிரொலி எழுத்தின் இரண்டு பக்கமும் உடைந்து நிற்கிறது. கேட்கும் வரிசையும் பார்க்கும் வரிசையும் ஒத்துப்போகாத இந்த இடங்களில், ஒலியைப் பிரிப்பதே சிரமமாக உள்ள பிள்ளை சறுக்கி விழுகிறது. உகர வரிசை இன்னொன்று. கு, சு, து மூன்றிலும் ஒலி ஒன்று, குறி வேறு வேறு. அடுத்தது ஒற்று. 'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதும். 'கப்பல்' போய் 'கபல்' ஆகும். குறிலும் நெடிலும் இடம் மாறும்.

பெற்றோர் பயப்பட வேண்டாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் மட்டும் இருந்தால் அது டிஸ்லெக்சியா அல்ல. பேச்சில் நாமே அந்த வேறுபாடுகளைக் காட்டுவதில்லை. 'வாளப்பளம்' என்று கேட்டு வளரும் பிள்ளை அப்படித்தான் எழுதும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தை எல்லாப் பிள்ளையும் கடக்க வேண்டியிருக்கிறது. காதில் விழுந்ததையே எழுத முடியாமல் ஒலிகளை விழுங்குகிறதா, எழுத்துகள் தெரிந்தும் சொல்லாகக் கூட்ட முடியவில்லையா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

சுருக்கமாக: டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு அல்ல. சொல்லுக்குள் உள்ள ஒலித் துண்டுகளைப் பிடித்து எழுத்தோடு இணைப்பதில் உள்ள சிரமம். தமிழில் அது பிழையைவிட வேகக் குறைவாகவும், ஒற்று, குறில் நெடில், கொம்பு ஆகிய இடங்களில் தடுமாற்றமாகவும் வெளிப்படும்.

## ஏ.டி.எச்.டி.: தண்ணீர் இருக்கிறது, மடை திருப்பத்தான் ஆள் இல்லை

ஏ.டி.எச்.டி.யைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் சொல்கிறோம். 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். "கிரிக்கெட் பார்த்தா மூணு மணி நேரம் அசையாம உட்காருறான், இவனுக்கா கவனம் இல்ல?" என்று அப்பா கேட்பதில் தவறே இல்லை.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ஓடுகிறது, வாய்க்கால் நிறைய வருகிறது. மண்வெட்டியோடு ஒருவர் நின்று இந்தப் பாத்திக்கு மடையைத் திறக்க வேண்டும், நிறைந்ததும் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும், வழியில் எங்காவது வரப்பு உடைந்தால் ஓடிப்போய் அணைக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குத் தண்ணீரில் குறையில்லை. மடை திருப்பும் ஆள்தான் சீக்கிரம் களைத்துவிடுகிறார். தண்ணீர் பள்ளம் கண்ட இடத்துக்குப் பாய்கிறது. கிரிக்கெட், வீடியோ கேம் எல்லாம் பள்ளமான பாத்திகள். நொடிக்கு நொடி புதிது வருகிறது, உடனுக்குடன் பலன் தெரிகிறது. வாய்ப்பாடும் கட்டுரையும் மேட்டுப் பாத்திகள். யாராவது அணை கட்டித் திருப்பினால்தான் தண்ணீர் ஏறும்.

மடை திருப்பும் இந்த வேலைக்குச் செயல்நிர்வாகம் என்று பெயர். தொடங்குவது, அடக்கிக்கொள்வது, வரிசைப்படுத்துவது, முடிப்பது எல்லாம் இதில் அடங்கும். மூளையின் முன்பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பிறகு கிடைக்கப்போகும் பலனைவிட இப்போது கிடைப்பதே இந்தப் பிள்ளைகளை இழுக்கும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வேலை செய்யும் விதத்தோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் 2007இல் வெளிவந்த ஆய்வு, ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) முதிரும் வரிசை மற்றவர்களைப் போலவே இருந்தாலும், சராசரியாக மூன்று ஆண்டு பிந்தி நடப்பதாகக் காட்டியது. பத்து வயதுப் பிள்ளையிடம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் மட்டும் ஏழு வயதுக்கு உரியதை எதிர்பார்த்தால் பாதிச் சண்டை குறையும் என்று பெற்றோரிடம் நான் சொல்வது இதனால்தான்.

எல்லாப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். ஓட்டம் மட்டும் ஏ.டி.எச்.டி. ஆகாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும், அன்றாட வாழ்வைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரே ஒரு டீச்சரின் வகுப்பில் மட்டும் வருகிற தொல்லை இந்தக் கணக்கில் சேராது. இன்னொரு பக்கம், ஓடாத ஏ.டி.எச்.டி.யும் உண்டு. ஜன்னலோரம் அமைதியாகக் கனவு காணும் பெண் பிள்ளை யாருக்கும் தொல்லை தருவதில்லை, ஆகவே யார் கண்ணிலும் படுவதில்லை. இப்படித் தப்பிப்போகிற பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தனி வருத்தம்.

## இரண்டும் சேர்ந்து வந்தால்

இவற்றில் ஒன்று இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 25 முதல் 40 விழுக்காட்டினருக்கு மற்றதும் இருக்கிறது. ஒன்று மற்றதைப் போல வேஷம் போடுவதும் உண்டு. வாசிக்க முடியாத பிள்ளை வாசிப்பு நேரத்தில் பென்சில் சீவப் போகும், தண்ணீர் குடிக்கப் போகும். பார்ப்பவருக்கு ஏ.டி.எச்.டி. போலிருக்கும். கவனம் நழுவும் பிள்ளை வரியை விட்டுத் தாண்டும், சொல்லின் பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்கும். அது டிஸ்லெக்சியா போலிருக்கும்.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கதை சொல்லுங்கள். கேட்கும்போது லயித்து உட்கார்ந்து, வாசிக்கச் சொன்னதும் நெளிகிறது என்றால் வாசிப்பை ஆராய வேண்டும். வாசிப்பு சரளமாக இருந்தும் கதை, விளையாட்டு, சாப்பாடு எதையும் முடிக்க முடியவில்லை என்றால் கவனத்தை ஆராய வேண்டும். இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. முதலில் கண்ணும் காதும் சோதித்துவிட்டு, உளவியலாளர் அல்லது குழந்தை மருத்துவரிடம் முறையான மதிப்பீடு செய்ய வேண்டும்.

இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: செயல்நினைவு. ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் திறன். "அரைக் கிலோ துவரம்பருப்பு, நூறு புளி, ஒரு தீப்பெட்டி, மீதி முப்பது ரூபாய் வாங்கிட்டு வா" என்று கடைக்கு அனுப்பினால் தெருமுனை வரை மனதில் ஓடுமே, அதுதான். இந்தப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கூடை சிறியது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது ஒவ்வொரு எழுத்தையும் கூடையில் போட்டுத் தலையைக் குனிவதற்குள் சிந்திப் போகிறது. "போர்டுல இருக்கறத கூட எழுதலை" என்ற புகாருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

## சிறப்புக் கற்பித்தலில் உண்மையில் என்ன நடக்கிறது?

இனி மையமான பகுதி. 1930களில் அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் சேர்ந்து உருவாக்கிய முறையிலிருந்து இன்றைய வாசிப்புச் சிகிச்சை வகுப்புகள் பல கிளைத்திருக்கின்றன. கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிப்பதுதான் அதன் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. நமக்கு இது புதிதல்ல. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுதி, வாயாலும் சொல்ல வைக்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வார்கள். 1790களில் சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல் மணலில் எழுதும் பிள்ளைகளைப் பார்த்து, அதைத் தன் பள்ளியிலும் புகுத்தி, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கதையும் உண்டு.

ஆனால் மணலில் மந்திரம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மணல் தட்டும் வண்ணக் களிமண்ணும் வாங்கி வைத்துவிட்டு 'சிறப்பு வகுப்பு' என்று பெயர்ப்பலகை மாட்டும் இடங்கள் இருக்கின்றன. பலன் தருவது அடியில் இருக்கும் ஒழுங்கு. ஊகத்துக்கு எதையும் விடாமல் சொல்லிக்கொடுப்பது, எளியதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகப் போவது, பழையதைத் தினமும் புரட்டிப் பார்ப்பது, ஒரு படி கைவந்த பிறகே அடுத்ததில் கால் வைப்பது. ஒரு வகுப்பு எப்படிப் போகும் என்று பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் புத்தகமே கிடையாது, காதுக்கு மட்டும் வேலை. "'கப்பல்'ல 'ப்'ஐ எடுத்துட்டா என்ன கண்ணு?" "'மாலை'யில முதல் ஒலியை 'பா' ஆக்கினா?" ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு புளியங்கொட்டையை நகர்த்துவோம். 'பட்டம்' என்றால் நான்கு கொட்டை, 'படம்' என்றால் மூன்று. காதால் பிடிக்க முடியாத ஒற்று இப்போது கையில் தட்டுப்படுகிறது. நம் வீடுகளில் விளையாடும் 'கடைசி எழுத்தில் தொடங்கும் பெயர்', பாட்டுக்குப் பாட்டு, எதுகை மோனை எல்லாமே இந்தத் திறனுக்கு அருமையான பயிற்சி.

அடுத்து எழுத்து. அ, ஆ, இ, ஈ என்று 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதில்லை. ட, ப, ம மூன்றை எடுத்துக்கொள்வோம். எழுத எளிது, ஒன்றோடொன்று குழம்பாது. அன்றைக்கே படம், மடம், படபட, மடமட என்று வாசித்துவிடலாம். 'நானும் வாசிக்கிறேன்' என்ற உணர்வு முதல் நாளே கிடைக்க வேண்டும். அது இந்தப் பிள்ளைகள் நெடுநாளாகக் காணாதது. பிறகு ஒற்று: பட்டம், மட்டம். பிறகு துணைக்கால்: படம் எப்படிப் பாடம் ஆனது, மடம் எப்படி மாடம் ஆனது? சொற்களைச் சோடி சோடியாக வைத்து, வாயை அகலத் திறந்து, கையை நீட்டி நெடிலை உணர வைப்போம். கொம்பு வரும்போது, 'கண் முதலில் கொம்பைப் பார்க்கும், வாய் முதலில் த் சொல்லும்' என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம். கொம்புக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் அட்டை. கொம்பு அட்டை எழுத்தைத் தாண்டிப் பின்னால் போய் ஒலிப்பதைப் பிள்ளையே நகர்த்திப் பார்க்கும். உகர வரிசையை உருவக் குடும்பங்களாகக் கட்டுவோம்: கு, டு, மு, ரு ஒரு வீடு, சு, பு, யு, வு இன்னொரு வீடு, து, நு, லு, று மூன்றாவது.

இடையிடையே 'டமப்', 'மாபட்டம்' என்று பொருளில்லாச் சொற்களையும் வாசிக்கச் சொல்வோம். தமாஷுக்காக அல்ல. மனப்பாடம் கைகொடுக்காத இடத்தில்தான் பிள்ளை உண்மையில் கூட்டி வாசிக்கிறதா என்பது தெரியும். முதலில் சொன்னேனே, அந்தப் பையனின் வித்தை இங்கே பலிக்காது.

கடைசியில் சரளம். புதிதாக டூவீலர் ஓட்டுகிறவருக்குக் கிளட்ச், கியர், பிரேக் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. பழகிவிட்டால் பின்னால் இருப்பவரோடு பேசிக்கொண்டே போவார். எழுத்தைக் கூட்டும் வேலை தானாக நடந்தால்தான் பொருளை நினைக்க மனதில் இடம் மிஞ்சும். அதனால் கற்றுத்தந்த எழுத்துகள் மட்டுமே வரும் சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று குறித்து வைப்போம். மற்ற பிள்ளைக்கு நான்கைந்து முறை போதும் என்றால் இந்தப் பிள்ளைக்கு நாற்பது முறை தேவைப்படலாம். நாற்பதும் சலிக்காதபடி அமைப்பதுதான் ஆசிரியரின் திறமை.

'பத்துத் தடவை எழுது' ஏன் பலன் தரவில்லை என்பது இப்போது விளங்கும். ஒலி பிரியாத நிலையில் பத்துத் தடவை எழுதுவது பத்துத் தடவை கோலம் போடுவது. கை வலிக்கும், பாதை விழாது.

## கவனத்துக்கு அணை கட்டுவது

ஏ.டி.எச்.டி. இருந்தால் மேலே சொன்ன பாடம் அப்படியே இருக்கும், அதைப் பரிமாறும் விதம் மாறும். நாற்பது நிமிடப் பாடம் எட்டு எட்டு நிமிடமாக ஐந்து துண்டுகள் ஆகும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, கூடை சிறியது என்பதால். "இன்னும் பத்து நிமிஷம்" என்பது காற்றில் போகும் சொல், மணல் கடிகாரமோ கண்ணுக்குத் தெரியும் நேரம். பாராட்டும் திருத்தமும் அந்த நொடியிலேயே. மாதக் கடைசியில் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி தூரத்துப் பாத்தி, தண்ணீர் அதுவரை போகாது.

அசைவைத் தடுக்காமல் வேலையாக மாற்றுவோம். அட்டையை அறையின் மறுமுனையில் வைத்து, போய் எடுத்து வரச் சொல்வோம். நின்றுகொண்டு எழுதினாலும் எழுத்து எழுத்துதான். வகுப்பறையில் ஆசிரியருக்குப் பக்கத்தில், ஜன்னலையும் கதவையும் விட்டுத் தள்ளி இடம் கொடுப்பது செலவில்லாத உதவி. தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது கெடுதல். அடுத்த பீரியடில் உட்கார உதவுவதே அந்த ஓட்டம்தான்.

சுருக்கமாக: டிஸ்லெக்சியாவுக்கு என்ன கற்பிப்பது என்பது மாறும், ஏ.டி.எச்.டி.க்கு எப்படிப் பரிமாறுவது என்பது மாறும். இரண்டும் இருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றது அதைத் தின்றுவிடும்.

## மாத்திரை, கண்ணாடி, டானிக்

ஏ.டி.எச்.டி.க்கு மருந்து உண்டு. மெத்தில்ஃபெனிடேட் போன்றவை பல பிள்ளைகளுக்குப் பலன் தருகின்றன. மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது அது. ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். மருந்து மடை திருப்புபவருக்குத் தெம்பு தரும், எழுத்துக் கூட்டக் கற்றுத்தராது. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரையே கிடையாது. நிறக் கண்ணாடிகள் வாசிப்பைச் சரிசெய்யும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளால் முன்னேறுவது பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான். அந்தப் பணத்தை நல்ல ஆசிரியரின் நேரத்துக்குச் செலவிடுங்கள்.

## பள்ளியில் கேட்டுப் பெறக்கூடியவை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் ஒன்று. ஏ.டி.எச்.டி. தனி வகையாக அதில் இடம்பெறவில்லை, ஆகவே இரண்டும் உள்ள பிள்ளைக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் முக்கியமாகிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவற்றைக் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பொதுவாக எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ் தருகிறார்கள். உதவிக்கு எட்டு வயது வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் ஓராண்டு எடுக்கும் வேலை ஐந்தாம் வகுப்பில் பல ஆண்டு இழுக்கும்.

சலுகை வேறு, கற்பித்தல் வேறு. எழுத்தர் கிடைத்துவிட்டார் என்று வாசிப்பு வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு எழுத்தர் வருவார். பஸ் பலகையையும் மருந்துச் சீட்டையும் பிள்ளைதான் வாசிக்க வேண்டும்.

## ஆசிரியரைத் தேடும்போது

சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது. சிறிய ஊர்களில் இப்படி ஒருவர் கிடைப்பது இன்னும் கடினம்தான். யாரிடம் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். "தொடங்குவதற்கு முன் என்ன சோதித்துப் பார்ப்பீர்கள்? எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பீர்கள்? முன்னேற்றத்தை எதில் குறித்து வைப்பீர்கள்?" மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் நம்பிச் சேர்க்கலாம். "உங்க ஸ்கூல் புக்ஸ் கொடுங்க, முடிச்சுத் தர்றேன்" என்றால் அது ட்யூஷன். மூன்று மாதம் ஒழுங்காகப் போயும் அந்தக் குறிப்பேட்டில் எண்கள் நகரவில்லை என்றால் பிள்ளையை மாற்ற முயலாதீர்கள், முறையை மாற்றச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. வாசிப்பு பிந்துவதால் அறிவும் பிந்திவிடக் கூடாது. அறிவியல் பாடத்தையும் கதைப் புத்தகத்தையும் தினமும் இருபது நிமிடம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும், பதிலை வாயால் சொல்லட்டும். ஒரு பாடத்தையே காதால் பிடித்து வைத்திருந்தானே அந்தப் பையன், அவனுக்கு இப்போது சமூக அறிவியலை அம்மா இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் தூக்குவது அவன் கைதான். வாசிப்பில் இப்போது கொம்புகளில் இருக்கிறான். 'தேன்' வந்துவிட்டது, 'கொக்கு' இன்னும் வரவில்லை.